கருப்பனுக்கு விட்ட கிடாவும் திருத்தங்கல் ஓட்டக் கழகமும்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் நெருங்கி. சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. சங்கிலிமுத்து மூணு வீடு தள்ளித்தான் இருக்கிறான். காதில் விழுந்தால் எழுந்து ஓடிவிடுவான். அவனை ஓட வைக்க ஒரு வருசம் ஆச்சு. நிறுத்துவதற்கு இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

முன்னே அவனுக்கு ஓடவே தெரியாது. விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை அறையில் வேலை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி, இதுகளோடு பன்னிரண்டு வருசக் குடித்தனம். அந்த அறைக்குள் செருப்பு கூடாது. இரும்பு கூடாது. காலைத் தரையில் தேய்க்கக் கூடாது. எதையும் டொக்கென்று வைக்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேலே, ஓடக் கூடாது. ஓடினவனுக்கு அன்றைக்கே வேலை போயிரும்.

பன்னிரண்டு வருசம் இப்படி நடந்தவன் கால் என்ன ஆகும்? வீட்டிலும் அப்படியே நடந்தான். தண்ணிச் செம்பைத் தரையில் வைக்க அரை நிமிசம் எடுத்துக்கொள்வான். தும்மல் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்த் தும்மிவிட்டு வருவான். அவன் கல்யாணத்தில் மூணு முடிச்சையும் அம்புட்டுப் பதனமாய்ப் போட்டானாம், கெட்டிமேளம் அடித்தவர் கை ஓய்ந்து இடையில் ஒரு வாய் தண்ணி குடித்தார் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

அந்த முடிச்சை வாங்கிக்கொண்டவள் குருவம்மாள். திருத்தங்கலில் வீட்டில் இருந்தபடியே தீப்பெட்டி ஒட்டுகிறவள். எழுத்துப் படிக்கத் தெரியாது, புகை படிக்கத் தெரியும். தெற்கே, கம்பெனிப் பக்கம், படாரென்று கேட்டால் பசைக்கை அப்படியே நிற்கும். நிமிர்ந்து பார்ப்பாள். வெள்ளைப் புகை என்றால் சோதனை வெடி, கை மறுபடி ஓடும். கறுப்புப் புகை என்றால், அந்தத் தெருவில் எந்தப் பொம்பளைக்கும் அதற்கு மேலே பெட்டி ஒட்ட வராது. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அவள் உசிர் தொண்டைக்கு வந்து இறங்கும். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள்.

ஐம்பத்தெட்டாம் வருசம் கார்த்திகை மாசம் கறுப்புப் புகை வந்தது.

சங்கிலிமுத்து இருந்த அறைக்கு அடுத்த அறையில் மருந்து சீறிவிட்டது. ஆள் அத்தனை பேரும் பொட்டலுக்கு ஓடினார்கள். சங்கிலிமுத்து மட்டும் நடந்தான். நெஞ்சு ஓடச் சொல்லுது, கால் கேட்கமாட்டேன் என்கிறது. கையில் இருந்த சல்லடையைச் சத்தம் வராமல் தரையில் வைத்தான். வாசல்படியைப் பார்த்துத் தாண்டினான். ஒரு காலை எடுத்து, ஊன்றி, மறு காலை எடுத்து, பெண்பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி வந்தான். சோலைச்சாமி என்று கூட வேலை பார்க்கிறவன் திரும்ப ஓடிவந்து, இவன் பிடரியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். இருபது அடி போகுமுன்னே பின்னால் கூரை ஓடு எல்லாம் வானத்துக்குப் போனது. யாருக்கும் உசிர்ச்சேதம் இல்லை. சங்கிலிமுத்துக்குப் பிடரி மயிர் மட்டும் கருகியது.

வீட்டுக்கு வந்தவன் பெண்டாட்டியிடம், முதலில் ஓடி வெளியே வந்தது நான்தான் என்றான். அவன் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே சோலைச்சாமி வந்து நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அது இவனுக்குத் தெரியாது. குருவம்மாள் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. கருகின பிடரியில் தேங்காய் எண்ணெய் தடவினாள். தடவின இடத்திலேயே மறுபடி மறுபடி தடவினாள். எண்ணெய் வீணாகுதே என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் ஒரு கறுப்பு வெள்ளாட்டுக் கிடா வந்தது, கொம்பு முளைத்த இளங்கிடா. புருசன் உசிர் பிழைத்ததற்குக் கருப்பசாமிக்கு நேர்ந்திருக்கிறேன், அடுத்த கார்த்திகையில் வெட்டுகிறோம் என்றாள். நேர்ந்துவிட்ட கிடாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது சாமி சொத்து. கட்டிப்போடக் கூடாது, கம்பெடுத்து அடிக்கக் கூடாது. அது எவன் தோட்டத்தில் மேய்ந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு சும்மா இருக்கவேண்டியதுதான். குருவம்மாள் தினமும் அதுக்குக் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கையாலேயே ஊட்டினாள்.

தை பிறந்தது. மிஷன் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் சுந்தர்ராஜ், திருத்தங்கல் அமெச்சூர் ஓட்டக் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்தார். அச்சாபீசில் கழித்துப்போட்ட பட்டாசு லேபிளின் முதுகில் உறுப்பினர் சீட்டு அடித்துக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் உறுப்பினர் பெயர், மறுபக்கம் சிங்கம் வாயில் வெடியைக் கவ்விக்கொண்டு நிற்கும். தினமும் விடியக்காலம் ஆனைக்குட்டம் பாதையில் ஓடி, ஆற்று மணலைத் தொட்டுத் திரும்ப வேண்டும். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். கழகத்துக்குச் சட்டம் அம்புட்டுத்தான்.

குருவம்மாளே போய்ப் புருசன் பெயரைக் கொடுத்துவிட்டு, சிங்கச் சீட்டோடு வந்தாள்.

"ஏட்டி, எனக்கெதுக்கு இந்த வேலை? நாள் முச்சூடும் நின்னுக்கிட்டே வேலை பாக்கேன்."

"நின்னுக்கிட்டுத்தானே பாக்கீக. ஓடியா பாக்கீக?"

"எனக்கு ஓட்டம் வராதுட்டி."

"அதெப்படி வராமப் போகும்? அன்னைக்குக் கம்பெனியில முதல்ல ஓடி வந்ததே நீங்கதான்னு சொன்னீக. அம்புட்டு வேகக்காரவுக சும்மா படுத்துக் கெடந்தா ஊரு என்ன சொல்லும்?"

சங்கிலிமுத்து வாயைத் திறந்தான். சொன்ன பொய் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. மூடிக்கொண்டான்.

முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும் மருந்து அறைக்காரர்கள். சுந்தர்ராஜ் வாத்தியார் விசிலை ஊதிவிட்டு முன்னால் ஓடினார். கொஞ்ச தூரம் போய்க் காது கொடுத்துக் கேட்டார். பின்னால் சத்தமே இல்லை. எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று திரும்பினால், ஆறு பேரும் பூனை மாதிரி வரிசையாய் வந்துகொண்டிருக்கிறார்கள். பூமிக்கு அடியில் வெடியுப்புப் புதைத்து வைத்த மாதிரி ஒவ்வொரு எட்டும். கர்த்தர்தான் காப்பாத்தணும் என்று வாத்தியார் மேலே பார்த்தார்.

நாலாம் நாளே சங்கிலிமுத்து ஒரு வழி கண்டுபிடித்தான். பாதையில் ஒரு மைல் தாண்டி ஆரோக்கியத்தின் டீக்கடை. வாத்தியார் முன்னால் ஓடுகிறவர், திரும்பிப் பார்க்கமாட்டார். மற்றவர்களுக்கு அவரவர் மூச்சே பெரும்பாடு. ஆக, டீக்கடைக்குப் பின்னால் ஒதுங்கி, ஒரு டீ, ரெண்டு உளுந்தவடை. அவர்கள் ஆற்றைத் தொட்டுத் திரும்பும்போது வாலில் சேர்ந்துகொள்வது. வீட்டுக்கு முந்தின கிணற்றில் ரெண்டு வாளி தண்ணியைப் பனியனோடு ஊற்றிக்கொண்டால், பார்க்கிறவளுக்கு அது வேர்வை.

ஆனால் அந்த வடையை அவன் நிம்மதியாய்த் தின்றான் என்று நினைக்காதீங்க. பாதையில் யார் நடந்தாலும் குருவம்மாள் நடை மாதிரியே கேட்கும். தட்டியில் காற்று பட்டால் அவள் சேலை. ஆரோக்கியம் தொண்டையைச் செருமினால் அவள் குரல். வாயில் வடை, தொண்டையில் உசிர். ஓடாமலே நெஞ்சு படபடவென்று அடித்தது. ஆகவே வீட்டுக்குப் போய் மூச்சு வாங்கினதில் நடிப்பே இல்லை.

குருவம்மாள் ஒரு நாளும் ஒன்றும் கேட்கவில்லை. பனியனை வாங்கித் துவைத்தாள், துண்டை வாங்கித் துவைத்தாள். அவள் கேட்காமல் இருக்க இருக்க, இவனுக்குப் பயம் கூடிக்கொண்டே போனது.

மாசி மாசம் ஒரு காலை, முதல் வடையைப் பிட்டு வாயருகே கொண்டுபோகிறான். எதிரே கிடா நிற்கிறது.

கருப்பனுக்கு விட்ட அதே கிடா. தலையைத் தாழ்த்தி, மூக்கை விரித்து இவனையே பார்த்தது. சங்கிலிமுத்து மெதுவாய் எழுந்தான். மெதுவாய்ப் பின்வாங்கினான். மருந்து அறைப் பழக்கம். அந்தப் பழக்கமெல்லாம் கிடாவுக்குத் தெரியுமா? பின்பக்கத்தில் ஒரு முட்டு. டீ ஒரு பக்கம், வடை ஒரு பக்கம், இவன் பாதையில். அடுத்த முட்டுக்கு முன்னால், பன்னிரண்டு வருசத்தில் முதல் தடவையாக அவன் குதிகால் சத்தத்தோடு தரையில் விழுந்தது.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். அவன் டீக்கடையை மாற்றினான். உடைமரப் புதரில் ஒளிந்தான், அங்கேயும் வந்தது. ஒரு நாள் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்தான். கிடா மரத்தடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டு, இவன் இறங்கும் வரை காத்திருந்தது. ஆறு பேரில் மற்ற ஐந்து பேரை அது ஏறெடுத்தும் பார்க்காது. அடிக்க முடியுமா? கல்லை எடுப்பான், கருப்பசாமியின் மீசை கண்முன்னே வரும், கல்லைப் பைய, சத்தமில்லாமல் தரையில் வைப்பான்.

வீட்டில் வந்து, கிடாவைக் கட்டிப்போடு என்று கெஞ்சினான்.

"சாமிக்கு விட்டதைக் கட்டலாமா? உங்க உசிருக்கு நேர்ந்ததுங்க அது."

"அது என் உசிரை வாங்குதுட்டி. ஏன் என்னைய மட்டும் வெரட்டுது?"

"எனக்கு என்ன தெரியும். பொய் சொன்னவுகளைத்தான் கருப்பன் தேடிப் போவான்னு பஞ்சம்மாள் அத்தை சொல்லும். நீங்க என்ன பொய்யா சொன்னீக?"

அன்றைக்கு ராத்திரி பாயில் படுத்துக் கணக்குப் போட்டான். ஓடினேன் என்ற பொய் ஒன்று. தினமும் ஓடுகிறேன் என்ற பொய் ஒன்று. கருப்பனுக்கு ரெண்டும் தெரிந்துவிட்டது, கிடா ரூபத்தில் வருகிறான் என்று முடிவுகட்டினான். அதற்குப் பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பவில்லை. ஒதுங்கினால் கிடா பிடிக்கும், பின்னால் ஓடினாலும் பிடிக்கும். முன்னால் போய்விட்டால், நடுவில் ஐந்து பேர் தடுப்பு. ஆக முன்னால் ஓடினான். பங்குனி வெயிலில் ஓடினான். சித்திரையில் பாதை கொதித்தது, கிடாவும் விடவில்லை, இவனும் நிற்கவில்லை. இடுப்புத் துண்டு ஏனோ ஒரு மாதிரிப் புண்ணாக்கு வாடை அடிக்கிறதே என்று ஒரு தடவை கேட்டான். கிடாவோடு புழங்குகிற கையால் துவைத்தால் வேறு என்ன வாடை அடிக்கும் என்றாள். அதுவும் சரிதான் என்று கட்டிக்கொண்டான்.

ஆடி மாசம் வாத்தியாரையே முந்திவிட்டான். சுந்தர்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகஸ்ட் பதினைந்துக்கு விருதுநகரில் பந்தயம், நம் கழகத்துக்குக் கோப்பை இவன் கொண்டுவருவான் என்று ஊரெல்லாம் சொன்னார். குருவம்மாளும் பஸ் ஏறிப் பார்க்கப் போனாள். விசில் ஊதினதும் சங்கிலிமுத்து அம்பு மாதிரி போனான். கால் மைல் வரை அவன்தான் முதல். அப்புறம் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தான். பின்னால் கிடா இல்லை. விருதுநகரில் ஏது கிடா? கால் தளர்ந்தது. ஓட்டம் நடையாச்சு. நடை பூனை நடையாச்சு. கடைசியாய் வந்தான். அவனுக்குப் பிறகு வந்தது தண்ணிப் பானை ஏற்றிவந்த கைவண்டி.

ஜனங்கள் சிரித்தார்கள். குருவம்மாள் சிரிக்கவில்லை. அவள் முகம் சுண்டிப்போனது. பின்னால் கிடா இருந்தால்தான் இந்த மனுசன் ஓடுவான். கம்பெனிக்குள் கிடாவை விடமாட்டார்களே. சீசன் ஆரம்பித்துவிட்டது, தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிறது, ஒரு நாளைக்கு ரெண்டு நாள் மருந்து கலக்குகிறார்கள். மறுபடி ஒரு தீ என்றால்? திரும்பி வரும் பஸ்ஸில் அவள் பேசவே இல்லை. தோற்ற கோபம் என்று இவன் பயந்து, திருத்தங்கல் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கினதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. சோலைச்சாமி வீட்டுக்குப் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள்.

புரட்டாசி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சிப்பொழுது. கலவை அறையில் சங்கிலிமுத்து சல்லடையோடு நிற்கிறான். மூலையில் ஸ்ஸ் என்று ஒரு சத்தம். பாம்பு சீறினால் தேவலை என்று இருக்கும், அந்தச் சத்தம் தெரிந்தவனுக்கு. வெளியே ஆள்கள் ஓடுகிறார்கள். சங்கிலிமுத்து சல்லடையைத் தரையில் வைத்தான். பைய. வாசலுக்கு வந்தான். பைய. வேர்வை கண்ணில் இறங்குகிறது, ஓடு ஓடு என்று நெஞ்சு கத்துகிறது, கால் பன்னிரண்டு வருசச் சட்டத்தைத்தான் கேட்கிறது. ஒரு எட்டு. அடுத்த எட்டு.

பொட்டலில் இருந்து சோலைச்சாமி பார்த்தான். தீ என்று கத்தவில்லை. குருவம்மாள் சொல்லிவைத்திருந்ததைக் கத்தினான்.

"ஏலே சங்கிலி, பின்னால கிடா வருதுலே!"

பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் சொல்லக் கேட்கணும். அறை வாசலில் நின்றவன் அடுத்த கணம் பொட்டலிலும் இல்லை, கம்பெனி கேட்டிலும் இல்லை, அதையும் தாண்டிவிட்டான். பின்னால் அறை வெடித்து ஓடு பறந்ததைக்கூட அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் கிடாவோட வேலை என்றே நினைத்தானாம். வேலைக்கு வந்த சைக்கிளைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு, சிவகாசிக் கடைத்தெருவைப் பிளந்துகொண்டு ஓடினான்.

திருத்தங்கலில் குருவம்மாள் கறுப்புப் புகையைப் பார்த்துவிட்டாள். பசைக்கையோடு தெருவில் வந்து நின்றாள். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கம் உள்ளே வரச் சொல்லி இழுத்தாள், நகரவில்லை. தண்ணி கொடுத்தாள், வாங்கவில்லை. தெற்கே பார்த்தபடி நின்றாள். விரலில் பசை காய்ந்து வெள்ளையாய் உரிந்தது.

வெகுநேரம் கழித்துத் தெருக்கோடியில் புழுதி தெரிந்தது. சங்கிலிமுத்து. முழு ஆளாய், கை கால் எல்லாம் சரியாய், ஓடி வந்தான். அவளைப் பார்த்தான். நிற்கவில்லை. வீட்டைத் தாண்டினான், தெருவைத் தாண்டினான், காலுக்குத் தெரிந்த பாதை ஆனைக்குட்டம் பாதைதானே, அதில் போய், ஆற்று மணலைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பி வந்தான். அவன் தாண்டிப் போனதும் குருவம்மாள் நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் திரும்பி வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, செம்பில் நீச்சத்தண்ணியோடு வாசலில் நின்றாள்.

மறுநாள் துவைக்கப்போன பனியனை அவன் முன்னால் விரித்துக் காட்டினாள். முதுகிலும் நெஞ்சிலும் வெள்ளை வெள்ளையாய்க் கோடு.

"பாத்தீகளா, உப்புப் பூத்திருக்கு. ஓடினவுக வேர்வைன்னா இப்படித்தான் இருக்கும்."

"ஆமா."

"தை மாசத்துல ஒரு நாளும் இப்படிப் பூக்கல. கிணத்துத் தண்ணியில உப்பு ஏது? துண்டுல மட்டும் வடை எண்ணெய் இருந்துச்சு."

சங்கிலிமுத்து விரல் விட்டு எண்ணினான். எட்டு மாசமாய் இவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சோறு போட்டிருக்கிறாள். அவள் பனியனைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். அதுதான் அவனை ரொம்பவும் பயமுறுத்தினது.

ஒரே ஒரு ஆறுதல் மிச்சம். கார்த்திகை வருகிறது. கிடாவை வெட்டப்போகிறார்கள். நாளை எண்ணிக்கொண்டே இருந்தான். எந்தத் துண்டு யாருக்கு என்றுகூட மனசில் பிரித்து வைத்திருந்தான். தொடைக்கறி தனக்கு. தலை தனக்கு. அந்தக் கொம்பைச் சுவரில் மாட்டி, தினமும் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, வெயில் ஏறும் வரை தூங்கவேணும்.

கருப்பன் கோயிலில் கூட்டம். கழகத்து ஆள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். சுந்தர்ராஜ் வாத்தியார்கூட வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூசாரி சங்கையா கிடாவுக்கு மாலை போட்டு, மஞ்சத்தண்ணியைத் தலையில் தெளித்தார். கிடா உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதம், அரிவாளைத் தூக்கலாம். உதறாவிட்டால் சாமிக்கு இஷ்டம் இல்லை. அது உங்களுக்கே தெரியும்.

கிடா உதறவில்லை.

இன்னொரு செம்பு. உதறவில்லை. தண்ணி வழுக்கிக்கொண்டு ஓடுது, கிடா மாலையில் இருந்த செவ்வந்தியை எட்டித் தின்றுகொண்டிருக்கிறது. சங்கிலிமுத்து முன்னால் பாய்ந்து, இன்னும் ஊத்துங்க சாமி, காதுல ஊத்துங்க என்று கையைக் கூப்பினான். மூணாம் செம்பு. கிடா இவனைப் பார்த்தது. இவன் இடுப்பைப் பார்த்தது. உதறவில்லை.

கருப்பனுக்கு இது இப்ப வேண்டாமாம், இன்னொரு வருசம் இருந்துட்டுப் போகட்டும் என்று சங்கையா சொல்லிவிட்டார். வேலிக்கு வெளியே வாத்தியார் சைக்கிள் மணியை அடித்தார்.

மறுநாள் விடியக்காலம் சங்கிலிமுத்து பின்பக்கம் வந்தான். குருவம்மாள் உட்கார்ந்து, கையில் அரப்பைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிடா. அதன் கழுத்து மயிர் பளபளவென்று மின்னியது.

"கையில என்னட்டி?"

"விளக்கெண்ணெய். நேத்து வச்சது, போகமாட்டேங்குது."

"எதுக்கு?"

"கிடாவுக்குத்தான். தலையிலயும் காதுலயும் நல்லா ஊறத் தேய்ச்சா, தண்ணி பட்டது அதுக்குத் தெரியாது."

சங்கிலிமுத்து கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"சாமியவே ஏமாத்திட்டியேட்டி. கருப்பன் கண்ணைக் குத்திருவான்டி."

"கருப்பன்கிட்ட முதல்லயே சொல்லிட்டுத்தான் செஞ்சேன். என் புருசன் வெடியோட கெடக்காக, சீசன் வருசாவருசம் வருது, இன்னும் கொஞ்ச காலம் இது எனக்கு வேணும் சாமின்னேன். சரின்னுட்டாரு. உங்ககிட்டதான் சொல்லல."

அவள் எழுந்தாள். கொடியில் காய்ந்த அவன் துண்டை எடுத்தாள். புண்ணாக்கு ஊறுகிற தொட்டியில் அதை முக்கினாள். பதமாய்ப் பிழிந்தாள். சங்கிலிமுத்து பார்த்துக்கொண்டே நின்றான். கிடா எழுந்து மூக்கை விரித்தது. அவள் அந்தத் துண்டை அவன் இடுப்பில் சுற்றி, அவிழாத முடிச்சாய் ரெண்டு போட்டு, வேலித் தட்டியைத் திறந்துவிட்டாள்.